பூங்காவுக்கு வருமுன்: ஸ்டெஃபான் பனாக் கற்ற கதை

கணித வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் சந்திப்பு ஒன்று உண்டு. 1916ஆம் ஆண்டு, முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. போலந்து மக்களின் பழைய தலைநகரான கிராக்கோவில், முன்பு கோட்டை மதில் நின்ற இடத்தில் நகரை வளைத்து அமைந்த பிளாந்தி என்ற பூங்கா இருக்கிறது. ஹூகோ ஷ்டைன்ஹவுஸ் என்ற இளம் கணிதவியலர் அங்கே உலாவிக்கொண்டிருந்தபோது, பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த இரண்டு இளைஞர்களின் பேச்சில் லெபெக் என்ற பெயர் காதில் விழுந்தது. லெபெக் பிரான்ஸின் கணித மேதை. அவருடைய தொகையீட்டுக் கோட்பாடு வெளிவந்து பதினான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. பல்கலைக்கழகங்களிலேயே அதை அறிந்தவர்கள் குறைவு. போர்க்காலத்துப் பூங்காவில் அதைப் பற்றிப் பேசுபவர்கள் யார் என்று வியந்த ஷ்டைன்ஹவுஸ், நெருங்கிப்போய்த் தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டார். ஒருவர் ஓட்டோ நிகோடிம். மற்றவர் ஸ்டெஃபான் பனாக். 24 வயது, கணிதத்தில் எந்தப் பட்டமும் பெறாதவர். வெகுநாளாகத் தமக்குப் பிடிபடாமல் இருந்த ஒரு கணக்கை ஷ்டைன்ஹவுஸ் அவரிடம் சொன்னார். சில நாள்களிலேயே விடைக்கான சாவியோடு பனாக் வந்தார். தம்முடைய மிகப்பெரிய கணிதக் கண்டுபிடிப்பு பனாக்தான் என்று பிற்காலத்தில் ஷ்டைன்ஹவுஸ் சொல்லிவந்தார்.

இந்தச் சந்திப்பு நடந்ததில் ஐயமில்லை, ஷ்டைன்ஹவுஸே எழுதிவைத்திருக்கிறார். ஆனால் அது வழக்கமாக எதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறதோ அதற்கு அது சான்றாகாது. அநாதையைப்போல் வளர்ந்த ஏழைப் பையன், பள்ளியில் சுமாரான மாணவன், பொறியியலைப் பாதியில் விட்டவன், யாரிடமும் கற்காமல் தானாகவே மேதையானான், ஒரு மாலை நடையின் தற்செயலால் உலகுக்குத் தெரியவந்தான் என்பதே பரவலாக வழங்கும் வடிவம். மேதைமைக்குப் பள்ளியும் கல்லூரியும் தேவையில்லை என்று நினைப்பவர்களுக்கு இது இனிக்கும். பனாக்கின் முதல் முப்பது ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. அவர் தனியாகக் கற்றவர் அல்லர். ஒவ்வொரு கட்டத்திலும் யாரோ ஒருவர் அவரோடு கணிதம் பேசினார், அல்லது கணிதம் படிக்க வழிசெய்தார். பூங்காச் சந்திப்பு அந்த வரிசையில் கடைசிக்கு முந்தையது. அதற்குப் பின் ஒரு பல்கலைக்கழகம் தன் விதியைத் தளர்த்தியிராவிட்டால் அந்தச் சந்திப்பும்கூட வீணாகியிருக்கும்.

பனாக் 1892 மார்ச் 30 அன்று கிராக்கோவில் பிறந்தார். தந்தை ஸ்டெஃபான் கிரெச்செக், மலைப்பகுதியான போத்ஹாலேயிலிருந்து வந்து ஆஸ்திரியப் படையில் பணியாற்றிய சிப்பாய். தாயின் பெயர் பிறப்புப் பதிவில் கதஜீனா பனாக் என்று இருக்கிறது. இருவருக்கும் திருமணம் ஆகியிருக்கவில்லை. குழந்தைக்குத் தந்தையின் முதற்பெயரும் தாயின் குடும்பப்பெயரும் வாய்த்தன. திருமுழுக்கு முடிந்த கையோடு தாய் அவர் வாழ்விலிருந்து மறைந்துவிட்டார். அவர் யார் என்று பின்னாளில் பனாக் கேட்டபோதும், சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருப்பதாகத் தந்தை மறுத்துவிட்டாராம். குழந்தை சிறிது காலம் ஒஸ்த்ரோவ்ஸ்கோ என்ற கிராமத்தில் தந்தைவழிப் பாட்டியிடம் இருந்தது. பாட்டி நோயுற்றதும் தந்தை அதைக் கிராக்கோவில் சலவைக்கடை நடத்திவந்த ஃபிரான்சிஷ்கா புவோவா என்ற பெண்மணியிடம் ஒப்படைத்தார். அவரும் மரியா புஹால்ஸ்கா என்ற இளம்பெண்ணும்தான் பனாக்கை வளர்த்தார்கள்.

இந்த வீட்டைத்தான் பலர் ஒரே வரியில் தாண்டிப்போகிறார்கள். 'சலவைக்காரியின் வளர்ப்பு மகன்' என்ற சொற்கள் கிடைத்ததும் வறுமைக் கதை தயாராகிவிடுகிறது. ஆனால் அந்த வீட்டுக்கு யூலியுஷ் மியென் என்ற மனிதரின் வருகை இருந்தது. பிரான்ஸில் பிறந்து கிராக்கோவில் குடியேறியவர். நிழற்படக் கலைஞர், போலிஷ் இலக்கியத்தைப் பிரெஞ்சுக்குக் கொண்டுசென்ற மொழிபெயர்ப்பாளர். மரியாவுக்குக் காப்பாளராக இருந்த அவர் சிறுவன் ஸ்டெஃபானின் அறிவுக்கூர்மையைக் கண்டுகொண்டு அவனுக்குப் பிரெஞ்சு கற்றுக்கொடுத்தார். இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். அன்றைய புதிய பகுப்பாய்வுக் கணிதத்தின் பெரும்பகுதி பிரெஞ்சில் எழுதப்பட்டது. லெபெக், போரெல், பேர், ஃபிரெஷே எல்லாரும் பிரெஞ்சுக் கணிதவியலர்கள். பிளாந்தி பூங்காவில் லெபெக் தொகையீட்டைப் பற்றி ஓர் இளைஞர் பேச வேண்டுமானால் அவருக்குப் பிரெஞ்சு தெரிந்திருப்பது பெரிய உதவி. பனாக்கின் முனைவர் பட்ட ஆய்வேடு அச்சானது பிரெஞ்சில். அவருக்கு உலகப் புகழ் தந்த 1932ஆம் ஆண்டு நூலும் பிரெஞ்சிலேயே உலகைச் சுற்றியது. சலவைக்கடை வீட்டில் ஒரு குழந்தையோடு பிரெஞ்சு பேசிய மனிதருக்கு இதில் பங்கில்லை என்று சொல்ல முடியாது.

பத்து வயதில், 1902இல், கிராக்கோவின் நான்காம் கிம்னாசியத்தில் பனாக் சேர்ந்தார். கிம்னாசியம் என்பது அங்கே உடற்பயிற்சிக்கூடம் அன்று. லத்தீனும் கிரேக்கமும் முதன்மையாகக் கற்பித்து, பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவைக்கும் எட்டாண்டு உயர்நிலைப் பள்ளி. போலந்து என்ற நாடு அன்று வரைபடத்தில் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் அதைப் பங்குபோட்டுக்கொண்டிருந்தன. ரஷ்யப் பங்கில் இருந்த வார்சாவின் பல்கலைக்கழகம் 1915 வரை ரஷ்ய மொழியில்தான் நடந்தது. ஆஸ்திரியப் பங்கான கலீசியா ஏழ்மைக்குப் பேர்போன மாகாணம். ஆனாலும் 1860களின் இறுதியிலிருந்து அதற்கு ஓரளவு தன்னாட்சி கிடைத்தது. கிராக்கோவிலும் லிவோவிலும் பள்ளிகளும் பல்கலைக்கழகங்களும் போலிஷ் மொழியில் இயங்கின. (லிவோவ் இன்று உக்ரைனில் லிவிவ் என்ற பெயரில் இருக்கிறது.) பனாக் பிறந்த ஊர் நூறு கிலோமீட்டர் வடக்கே தள்ளியிருந்தால், தாய்மொழியில் அல்ஜீப்ரா படிக்கும் வாய்ப்பு அவருக்கு அரசுப் பள்ளியில் கிடைத்திருக்காது. மேதைமையைப் பற்றிப் பேசும்போது அரசியல் எல்லைகளைக் கணக்கில் எடுக்க நாம் மறந்துவிடுகிறோம்.

பள்ளியில் முதல் சில ஆண்டுகள் பனாக் நல்ல மதிப்பெண்கள் பெற்றார். கணிதமும் இயற்கை அறிவியலும் அவருக்கு எளிதாக வந்தன. மேல்வகுப்புகளுக்குப் போகப் போக மற்ற பாடங்களில் அக்கறை குறைந்தது. 1910இல் 'மாத்துரா' எனப்படும் பள்ளி இறுதித் தேர்வில் தேறினார். ஆனால் வகுப்பில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குக் கிடைத்த சிறப்புத் தேர்ச்சி அவருக்குக் கிடைக்கவில்லை. பள்ளியின் பதிவேட்டைவிட முக்கியமானது அங்கே கிடைத்த ஒரு நட்பு. விட்டோல்ட் வில்கோஷ் என்ற வகுப்புத் தோழன் கணிதத்தில் அதே அளவு பித்துக்கொண்டவன். இடைவேளைகளில் இருவரும் சேர்ந்து கணக்குகளைப் போட்டுப் பார்ப்பதைச் சக மாணவர் ஒருவர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். பேசிக்கொண்டே சிந்திப்பது, எதிரில் இருப்பவர் தடை சொல்லச் சொல்ல யோசனையைக் கூர்மையாக்குவது என்ற பழக்கம் பனாக்கின் முழு வாழ்விலும் தொடர்ந்தது. லிவோவின் ஸ்காட்டிஷ் கஃபேயில் பளிங்கு மேசைமேல் கணக்கு எழுதி மணிக்கணக்கில் விவாதித்த பேராசிரியர் பனாக்கை உலகம் அறியும். அந்தப் பனாக் பள்ளி இடைவேளையில் உருவானவர் என்பதே என் கருத்து.

பள்ளி முடிந்ததும் இந்த இரு கணிதப் பித்தர்களும் எடுத்த முடிவு வியப்பூட்டுகிறது. வில்கோஷ் கீழை நாட்டு மொழிகளைப் படிக்கப் போனார். பனாக் பொறியியலுக்குப் போனார். கணிதத்தில் புதிதாகக் கண்டுபிடிக்க இனி எதுவும் பெரிதாக இல்லை என்று இருவரும் நம்பியதே காரணம் என்று சொல்லப்படுகிறது. இளமையின் அறியாமை என்று இதைத் தள்ளிவிடக் கூடாது. பள்ளியில் கற்பிக்கப்படும் கணிதம் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே முடிந்துபோன கணிதம். அதைக் கசடறக் கற்ற கூர்மையான மாணவனுக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்று தோன்றுவது இயல்பு. அவர்கள் பள்ளியில் இருந்த அதே எட்டு ஆண்டுகளில்தான் லெபெக் தொகையீட்டைப் புதிதாக வரையறுத்தார்; ஜெர்மனியில் ஹில்பர்ட் தொகையீட்டுச் சமன்பாடுகளைப் பற்றிய ஆய்வுகளை வெளியிட்டார்; 1906இல் ஃபிரெஷே எந்தப் பொருள்களின் கூட்டத்திலும் 'தூரம்' என்ற கருத்தை வைக்கலாம் என்று காட்டினார். பிற்காலத்தில் பனாக் செய்தவை எல்லாம் இந்த மூன்று ஊற்றுகளிலிருந்து பெருகியவை. அவற்றின் ஓசை கூடக் கிராக்கோவின் அந்த வகுப்பறையை எட்டவில்லை. அறிவுள்ள இரண்டு மாணவர்கள் இருந்தார்கள். இன்றைய கணிதம் எங்கே நிற்கிறது என்று சொல்ல ஒருவர் இல்லை. தானாகவே மலரும் மேதைமை என்ற கதைக்கு இதைவிட வலுவான மறுப்பு வேண்டாம். பனாக்கின் மேதைமை 1910இல் முழுதாக இருந்தது. அது அவரைத் தவறான வாசலுக்குத்தான் கொண்டுசென்றது.

லிவோவ் பாலிடெக்னிக்கில் பொறியியல் மாணவராகச் சேர்ந்த பனாக்குக்குத் தந்தையிடமிருந்து பண உதவி இல்லை. பிள்ளைகளுக்குத் தனிப்பாடம் சொல்லிக்கொடுத்துச் சம்பாதித்து, அதில் வாழ்ந்து, மிச்ச நேரத்தில் படித்தார். இரண்டு ஆண்டுப் பாடத்தை முடிக்க நான்கு ஆண்டு ஆனது. 1914இல் முதற்கட்ட அரசுத் தேர்வில் தேறினார். அங்கே அதைப் 'பாதிப் பட்டம்' என்றே அழைத்தார்கள். இதே ஆண்டுகளில் இதே ஊரின் பல்கலைக்கழகத்தில் வாச்லாவ் சியெர்பின்ஸ்கி பணியாற்றினார். கணக்கோட்பாட்டை முழுப் பாடமாக நடத்துவது உலகிலேயே அரிதாக இருந்த காலத்தில், 1909இலேயே அவர் அதை லிவோவில் நடத்தினார். உலகத்தரமான புதுக் கணிதம் சில தெருக்கள் தள்ளி நடந்துகொண்டிருந்தபோது, அதற்காகவே பிறந்த ஒருவர் அதே ஊரில் பொறியியல் தேர்வுகளுக்குப் படித்துக்கொண்டிருந்தார். நிறுவனங்கள் தாமாக ஆளைத் தேடிவருவதில்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொண்டாக வேண்டும். பனாக்குக்கு வேண்டியிருந்தது ஒரு கட்டடம் மட்டும் அன்று, அதன் வாசலைக் காட்டும் ஒரு மனிதரும்தான்.

போர் வந்தது. ரஷ்யப் படை லிவோவை நெருங்கியதும் பனாக் ஊரைவிட்டு வெளியேறினார். இடது கண்ணில் பார்வை மங்கல் என்பதால் அவரைப் படையில் சேர்க்கவில்லை. சாலை போடும் பணியில் மேற்பார்வையாளராக இருந்தார். பிறகு கிராக்கோ திரும்பிப் பள்ளிகளில் பாடம் சொல்லிக்கொடுத்தார். இந்த இரண்டு ஆண்டுகளில்தான் அவர் கணிதத்தை உண்மையாகவே கற்றார். யாகெல்லோனியன் பல்கலைக்கழகத்தில் ஸ்டனிஸ்லாவ் சரெம்பாவின் விரிவுரைகளுக்கு அவர் போயிருக்கலாம் என்று வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். பதிவு செய்த மாணவராக அல்ல. அதைவிட உறுதியாகச் சொல்லக்கூடியது அவருடைய தோழமை. வில்கோஷ் கீழை மொழிகளிலிருந்து கணிதத்துக்கே திரும்பிவந்துகொண்டிருந்தார். பின்னாளில் அதே கிராக்கோவில் கணிதப் பேராசிரியர் ஆனார். நிகோடிம் லிவோவில் முறையாகக் கணிதம் படித்துவிட்டு வந்து கிராக்கோவில் பள்ளி ஆசிரியராக இருந்தார். இன்று உலகெங்கும் முதுகலை மாணவர்கள் படிக்கும் ராடன்–நிகோடிம் தேற்றத்தில் வருகிற நிகோடிம் இவர்தான். பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் தனியாளாக இருந்திருந்தால் ஷ்டைன்ஹவுஸின் காதில் ஒன்றும் விழுந்திருக்காது. லெபெக்கைப் பற்றிப் பேச இரண்டு பேர் இருந்ததால்தான் மூன்றாமவர் நின்றார்.

இருந்தாலும் அந்தச் சந்திப்பு வெறும் அதிர்ஷ்டம்தானே என்று கேட்கலாம். ஷ்டைன்ஹவுஸ் அன்று வேறு பாதையில் நடந்திருந்தால்? ஆம், அந்த நாளும் அந்த நேரமும் அதிர்ஷ்டம். ஆனால் அதிர்ஷ்டம் எவ்வளவு என்று அளந்து பார்க்க வேண்டும். ஷ்டைன்ஹவுஸ் கலீசியாவைச் சேர்ந்த யாஸ்லோ என்ற ஊரில் 1887இல் பிறந்தவர். கெட்டிங்கனில் ஹில்பர்ட்டிடம் பயின்று 1911இல் முனைவர் பட்டம் பெற்றவர். லெபெக்கின் கோட்பாட்டைக் கையாளத் தெரிந்தவர்கள் அன்று கலீசியாவில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அவர்கள் ஒரு சிறிய ஊரில் ஒருவரையொருவர் சந்திக்காமல் நீண்ட நாள் இருந்திருக்க முடியாது. நிகோடிமுக்குப் பல்கலைக்கழகத் தொடர்புகள் இருந்தன. இந்தப் பூங்காவில் இல்லாவிட்டால் வேறொரு வீட்டில், வேறொரு மாதத்தில் பழக்கம் ஏற்பட்டிருக்கும் என்று எதிர்பார்ப்பதே நியாயம். அதோடு, ஷ்டைன்ஹவுஸ் சொன்ன கணக்கு லேசானதன்று. எந்த அலையையும் எளிய அலைகளின் கூட்டாகப் பிரித்தெழுதுவது ஃபூரியர் தொடர். அந்தத் தொடரைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போனால், தொகையிடத்தக்க ஒவ்வொரு சார்புக்கும், சராசரிக் கணக்கில் அது மூலச் சார்பை நெருங்குமா என்பதே கேள்வி. எல்லாச் சார்புகளுக்கும் அப்படி நெருங்கிவிடாது என்று காட்டும் எடுத்துக்காட்டுக்கான வழியைப் பனாக் கண்டார். லெபெக் தொகையீட்டில் கை பழகாதவர் இந்தக் கேள்வியின் பொருளையே புரிந்துகொள்ள முடியாது. ஆகவே, அன்று பூங்காவுக்கு வந்த பனாக், ஆண்டுக்கணக்கில் படித்தும் விவாதித்தும் ஆயத்தமான ஆராய்ச்சியாளர். அவருக்கு இல்லாதிருந்தது சான்றிதழ் ஒன்றுதான். இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை, போரின் காரணமாகத் தாமதித்து, 1918இல் கிராக்கோ அறிவியல் கழகத்தின் இதழில் வந்தது.

அடுத்து நடந்ததுதான் என் பார்வையில் இந்த வரலாற்றின் மையம். அதைத்தான் பெரும்பாலும் ஒரு வேடிக்கைக் கதையாக்கிவிடுகிறார்கள். 1918 நவம்பரில் போலந்து மீண்டும் தனி நாடானது. புதிய நாட்டுக்குப் பேராசிரியர்கள் வேண்டும், இதழ்கள் வேண்டும், கழகங்கள் வேண்டும். சிதறிக் கிடக்கும் போலிஷ் கணிதவியலர்கள் ஒரு குறிப்பிட்ட துறையில் சேர்ந்து உழைத்தால் உலகக் கணிதத்தில் தமக்கென ஓரிடம் பிடிக்கலாம் என்று சிக்முந்த் யானிஷெவ்ஸ்கி என்ற இளைஞர் திட்டம் வகுத்தார். 1919 ஏப்ரலில் கிராக்கோவில் கணிதச் சங்கம் ஒன்று தொடங்கியது. அதுவே பின்னர் போலிஷ் கணிதச் சங்கம் ஆயிற்று; நிறுவன உறுப்பினர்களில் பனாக்கும் ஒருவர். 1920இல் லிவோவ் பாலிடெக்னிக்கின் பேராசிரியர் அன்டோனி லோம்னிட்ஸ்கி, பட்டமில்லாத பனாக்கைத் தம் உதவியாளராக நியமித்தார். அதே ஆண்டு லிவோவின் யான் கசிமியெஷ் பல்கலைக்கழகத்தில் பனாக் ஆய்வேட்டை அளித்தார். கணிதத்தில் முதற்பட்டம் பெறாதவர் முனைவர் பட்டத்துக்கு வரலாமா என்ற கேள்வி எழுந்தது. விதிவிலக்கு அளிக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், 1922இல், பேராசிரியராகும் தகுதிநிலையும் பேராசிரியர் பதவியும் அடுத்தடுத்து வந்தன. 1927இல் முழுப் பேராசிரியர்.

அவர் பட்டம் பெற்ற விதத்தைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. பனாக்குக்கு எழுதுவதில் ஆர்வமே இல்லை. அவர் பேசியதை உதவியாளர் ஒருவர் குறிப்பெடுத்து ஆய்வேடாக்கினார். வார்சாவிலிருந்து யாரோ சில கணக்குகளோடு வந்திருக்கிறார்கள் என்று சொல்லி அவரை ஓர் அறைக்குக் கூட்டிப்போனார்கள். தாம் முனைவர் தேர்வில் உட்கார்ந்திருப்பது தெரியாமலே அவர் விடை சொல்லிப் பட்டம் பெற்றார் என்கிறது கதை. இதை நம்ப எனக்கு மனம் வரவில்லை. அவர் உதவியாளர் வேலை பார்த்தவர், திருமணம் செய்துகொண்டவர், சம்பளம் தேவைப்பட்டவர்; பட்டத்தின் பயன் அவருக்கு நன்றாகவே தெரியும். ஆய்வேட்டின் முகப்புப் பகுதி யாரோ ஒருவர் காப்பிக் கடைப் பேச்சிலிருந்து பொறுக்கியதுபோல் இல்லை. விதிகளை ஒவ்வொன்றாக அடுக்கி, எது எதிலிருந்து வருகிறது என்று கறாராகச் சொல்லும் எழுத்து அது. கதையின் தீங்கு என்னவென்றால், ஒரு பல்கலைக்கழகம் யோசித்து எடுத்த துணிச்சலான முடிவை அது மறைத்துவிடுகிறது. மேதை கவனமற்றவர், பட்டம் தானாக வந்து விழுந்தது என்று அது சொல்கிறது. உண்மையில் சில மனிதர்கள் ஓர் ஆய்வைப் படித்து, மதிப்பிட்டு, விதியை விடத் தகுதி பெரிது என்று தீர்மானித்தார்கள்.

அந்த ஆய்வேட்டில் என்ன இருந்தது? கணிதத்தில் ஒரு சார்பை ஒரு வளைகோடாக வரையலாம். பனாக் அத்தகைய முழுச் சார்பு ஒவ்வொன்றையும் ஒரு பெரிய வெளியில் உள்ள ஒரே புள்ளியாகப் பார்த்தார். புள்ளிகளைக் கூட்டலாம், எண்ணால் பெருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நீளம் உண்டு. ஒன்றையொன்று நெருங்கிக்கொண்டே போகும் புள்ளிகளின் வரிசை, வெளிக்குள்ளேயே ஓர் இடத்தில் போய்ச் சேரும். இந்த விதிகளுக்கு அடங்கும் எதையும் ஒரே முறையில் ஆராயலாம் என்று அவர் காட்டினார். இன்று 'பனாக் வெளி' என்ற பெயர் இதற்குத்தான். ஏறத்தாழ இதே காலத்தில் அமெரிக்காவில் நார்பர்ட் வீனரும் ஒத்த விதிகளை எழுதினார். ஆனால் அந்த விதிகளிலிருந்து ஒரு துறையையே எழுப்பியவர் பனாக். அந்த ஆய்வேட்டிலேயே வரும் நிலைப்புள்ளித் தேற்றத்தை எவருக்கும் விளக்கலாம். கிராக்கோ நகரின் வரைபடம் ஒன்றைக் கிராக்கோவிலேயே ஒரு தரையில் விரித்துவைத்தால், வரைபடத்தின் ஏதோ ஒரு புள்ளி, அது குறிக்கும் உண்மையான இடத்தின் மேலேயே சரியாக அமர்ந்திருக்கும். அப்படிப்பட்ட புள்ளி ஒன்று மட்டுமே இருக்கும். தூரங்களை ஒரே விகிதத்துக்குக் குறையாமல் சுருக்கும் எந்தச் செயலுக்கும் இது பொருந்தும். சுருக்கத்தைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டே போனால் அந்தப் புள்ளியை எட்டிவிடலாம். சமன்பாடுகளின் விடையைக் கணினி படிப்படியாக நெருங்கும் பல முறைகளுக்கு அடியில் இந்தத் தேற்றம் இருக்கிறது. பொறியியல் மாணவராக இருந்த நான்கு ஆண்டுகள் முழுவதும் வீண் என்று சொல்பவர்கள், ஆய்வேட்டின் தலைப்பிலேயே தொகையீட்டுச் சமன்பாடுகளுக்கான பயன்பாடு பேசப்படுவதைக் கவனிக்க வேண்டும். எவ்வளவு அருவமாகச் சிந்தித்தாலும், எதற்குப் பயன்படும் என்ற கேள்வியை அவர் விட்டுவிடவில்லை.

விதியைத் தளர்த்தியதைப் பற்றி ஒரு நியாயமான அச்சம் உண்டு. இன்று ஒருவருக்கு விலக்கு, நாளை வேண்டியவர்களுக்கெல்லாம் விலக்கு என்று ஆகாதா? சான்றிதழ் என்பது சிபாரிசுக்கு எதிராக ஏழை மாணவனுக்கு இருக்கும் ஒரே காவல் அல்லவா? இந்தக் கேள்வியில் பொருள் இருக்கிறது. பெரும்பாலான நேரங்களில், பெரும்பாலான மனிதர்களுக்கு, பொதுவான தேர்வே நியாயமான வழி. ஆனால் லிவோவில் தளர்த்தப்பட்டது நுழைவு விதி; மதிப்பீடு தளர்த்தப்படவில்லை. அச்சில் வந்த கட்டுரைகள் இருந்தன, எவரும் படித்துப் பார்த்துச் சரிபிழை சொல்லக்கூடிய நிரூபணங்கள் இருந்தன. கணிதத்துக்கு உள்ள ஒரு வசதி அது: யார் எழுதினார் என்று பார்க்காமலே நிரூபணத்தைச் சோதிக்கலாம். சிபாரிசுக்கும் விதிவிலக்குக்கும் உள்ள வேறுபாடு, முடிவுக்கான காரணம் எல்லார் முன்னும் வைக்கப்பட்டிருக்கிறதா என்பதில் இருக்கிறது. பனாக் விஷயத்தில் அது 1922இல் வார்சாவின் ஃபுண்டமென்டா மதமதிக்கே இதழில் அச்சாகி உலகத்தின் முன் வைக்கப்பட்டது.

மற்றொரு வாதம் இதைவிடக் கடினமானது. இவ்வளவு பெரிய திறமை எப்படியும் வெளிப்பட்டுத்தானே இருக்கும், மியெனும் வில்கோஷும் ஷ்டைன்ஹவுஸும் லோம்னிட்ஸ்கியும் இல்லாவிட்டாலும் பனாக் பனாக்தானே என்பது அது. நமக்குத் தெரிந்த மேதைகள் எல்லாரும் வெளிப்பட்டவர்கள் என்பதால்தான் இப்படித் தோன்றுகிறது. வெளிப்படாமல் போனவர்களை எண்ண வழியில்லை. ஆயினும் பாதி வெளிப்பட்டுப் பாதி தடுக்கப்பட்டவர்கள் உண்டு, அவர்களைப் பார்க்கலாம். தொலைவில் தேட வேண்டியதில்லை, பனாக்கின் அதே லிவோவிலேயே யூலியுஷ் ஷௌடர் இருந்தார். 1899இல் அந்த ஊரிலேயே பிறந்தவர், யூதர். முனைவர் பட்டம் இருந்தது. 1927இல் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் தகுதிநிலையும் கிடைத்தது. பனாக் வெளிகளுக்கான அவருடைய நிலைப்புள்ளித் தேற்றம் 1930இல் வந்தது. பிரெஞ்சுக் கணிதவியலர் ழான் லெரேயோடு சேர்ந்து அவர் 1934இல் எழுதிய கட்டுரை, வகைக்கெழுச் சமன்பாடுகளின் ஆராய்ச்சியையே திசைதிருப்பியது. அதற்காக இருவரும் பன்னாட்டுப் பரிசு பெற்றார்கள். எல்லாச் சான்றிதழும் கையில் இருந்த இந்த மனிதருக்குப் போருக்கு முந்தைய போலந்தில் பேராசிரியர் பதவி கிடைக்கவில்லை. பள்ளி ஆசிரியராகச் சம்பாதித்துக் குடும்பத்தைக் காத்துக்கொண்டு, எஞ்சிய நேரத்தில் ஆராய்ச்சி செய்தார். அந்த ஆண்டுகளில் போலந்துப் பல்கலைக்கழகங்களில் யூத வெறுப்பு வளர்ந்துகொண்டிருந்தது. யூத மாணவர்களைத் தனி பெஞ்சுகளில் உட்காரவைக்கும் அளவுக்கு அது போனது. இரண்டாம் உலகப்போர் வந்தபின் லிவோவை ஜெர்மானியர் பிடித்தார்கள்; 1943இல் ஷௌடர் கொல்லப்பட்டார்.

ஷௌடர் பதவி பெறாததற்குத் திறமைக் குறைவைக் காரணமாகச் சொல்ல யாராலும் முடியாது. பனாக்குக்காக 1920இல் நீக்கப்பட்ட தடை எழுத்தில் இருந்தது. அதை நீக்க ஒரு தீர்மானம் போதுமானதாக இருந்தது. ஷௌடரின் வழியில் நின்ற தடை எந்த விதிப் புத்தகத்திலும் எழுதப்படாதது. நியமனங்களை முடிவுசெய்யும் இடங்களில் இருந்தவர்கள் அதைத் தடை என்றே ஒப்புக்கொள்ளாததால், நீக்கும் பொறுப்பும் யாருக்கும் இல்லாமல் போயிற்று. பனாக்கின் இளமையைச் சொல்லும்போது, அவருக்குப் பிரெஞ்சு கற்றுத்தந்தவரையும் இடைவேளையில் கணக்குப் போட்ட தோழனையும் பூங்காவில் நின்றுகேட்டவரையும் வேலை கொடுத்தவரையும் பெயர்சொல்லி எழுத முடிகிறது. லோம்னிட்ஸ்கி 1920இல் பட்டமில்லாத ஒருவருக்கு வாசலைத் திறந்தார்; 1930களில் எல்லாப் பட்டமும் பெற்றிருந்த ஷௌடருக்கு லிவோவில் எந்தத் துறையும் பேராசிரியர் பதவி தரவில்லை.